கடைசி பெஞ்சு அப்பாக்கள்

அன்புள்ள அம்மாவுக்கு முத்தாலே வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இடுப்பு வலி தேவலையா?

இங்கே தாமிரச் சுரங்கம் மூடியதிலிருந்து குடும்பங்கள் ஊரைக் காலி செய்கின்றன. பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் என் டீச்சர் வேலையும் போய்விடும். நேற்று கல்வி அதிகாரி வந்தார். வகுப்பு நிறைந்து தெரியட்டும் என்று வேலையிழந்த அப்பாக்கள் சிலர் குட்டி பெஞ்சுகளில் காலை மடக்கி உட்கார்ந்துவிட்டார்கள்.

“பெரியவங்களுக்கு இங்க என்ன வேலை?” என்றார் அதிகாரி.

“இத்தனை வருஷம் குழி தோண்டினோம் சார். அது மூடிப்போச்சு. எழுத்தாவது கத்துக்கலாம்னு வந்தோம்” என்றார் அந்த அப்பாக்களில் ஒருவரான கபாசோ.

எல்லோரும் சிரித்தோம். அதிகாரியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே பிள்ளைகளை மட்டும் எண்ணினார்.

பஸ்ஸில் கொஞ்சம் கபெண்டா பொடிமீன் கருவாடு கொடுத்தனுப்புங்கள். மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன். என் கட்டிலைத் தம்பிக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

முத்தாலே