சுமைதாங்கியில் எடுத்த வளையல்

2006 பிப்ரவரி 11, சனி
கால் வலி. ஆனாலும் சந்தோஷம். ஆபீஸ் நண்பன் பிபினின் அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவந்த ஜிபிஎஸ் கருவியோடு பாறசாலைப் பழைய ரோட்டில் காலை முழுக்க அலைந்தோம். யாரோ ஒளித்துவைத்த டப்பாவை, இணையத்தில் அவர் தந்த எண்களை வைத்துத் தேடிப்பிடிக்கிற விளையாட்டு. உள்ளே இருக்கும் தாளில் பெயர் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் பதிலுக்கு ஒன்றை வைக்க வேண்டும்.

சுமைதாங்கிக் கல்லின் இடுக்கில் நான்தான் முதலில் பார்த்தேன். பவுடர் டப்பா. தாள் இல்லை, மழையில் போயிருக்கும் என்றேன். பச்சைக்குழந்தைக்குப் போடுகிற கறுப்பு வளையல் இரண்டு இருந்தன. அவற்றை எடுத்துக்கொண்டு ஒரு சிங்கப்பூர் காசு வைத்தேன்.

அடுத்த மாதம் திருவனந்தபுரத்தில் எங்கள் கழக்கூட்டம் ஆபீஸ் ஆட்களை இதே பழைய பாதையில் பத்மநாபபுரம் அரண்மனைவரை கூட்டிப்போகிறோம். வழியில் சரித்திரம் சொல்வது என் பொறுப்பு. நாகர்கோவில்காரி நான்தானே.

பிப்ரவரி 12
வளையலை ஜிபிஎஸ்ஸில் மாட்டிப் படம் எடுத்து இணையத்தில் போட்டாயிற்று.

பிப்ரவரி 14
டப்பாவை ஒளித்தவர் பதில் எழுதியிருக்கிறார். அவருடையது பாலத்துக்கு அடியில் இருக்கிறதாம். கல்லில் அவர் எதுவும் வைக்கவில்லையாம்.

அப்படியென்றால் நான் எடுத்தது யாருடையது?

அம்மாவுக்கு போன் செய்தேன். "அது புள்ளத்தாச்சியா செத்தவளுக்கு நாட்டுன கல்லு மக்களே. ஒனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியும். சின்ன வயதிலேயே கேட்டதுதான். சரித்திரம் சொல்லக் கிளம்பிய மகராசிக்கு அந்த நேரத்தில் தோன்றவே இல்லை — படம் வேறு பிடித்திருக்கிறேன். சீ.

பிப்ரவரி 18, சனி
திருப்பி வைத்துவிடலாமென்று தனியாக பஸ் ஏறினேன். கல்லுக்கு ஒரு அம்மா எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். பிச்சம்மாள். பக்கத்து ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாளாம், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். போன வருஷம் மகள் நிறைமாதத்தில் போய்விட்டாள். இப்போதெல்லாம் யார் கல் நாட்டுகிறார்கள்? அதனால் இந்தப் பழைய கல்லையே மகளுடையதாக வைத்துக்கொண்டாளாம்.

வளையல் என் கைக்குள் இருந்தது. சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். அவள் டப்பாவைக் காட்டினாள். உள்ளே என் காசு மட்டும் கிடந்தது.

"வளையல் ஒரு வருசமா அப்படியே கெடந்துச்சு தாயி. இப்பத்தான் எடுத்திருக்கா. எம்மவ வந்துட்டுப் போயிருக்கா."

அவள் முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? வளையலோடு, சொல்லாமல் வந்ததும் கோழைத்தனம்தானே? படத்தை மட்டும் நீக்கினேன்.

மார்ச் 11
பயணம். நெடுஞ்சாலையிலேயே போகலாமென்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை. பிபின் கல்லருகே வேனை நிறுத்தி, "பற கலா, இது நின்றெ ஏரியா அல்லே" என்று என்னைச் சொல்லச் சொன்னான். அவனுக்கு நடந்தது எதுவும் தெரியாது. இரண்டு வரி சொன்னேன். எல்லோரும் கல்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

அவர்கள் வேனுக்குத் திரும்பியதும் டப்பாவைத் திறந்தேன். புதிதாக இரண்டு கறுப்பு வளையல். முன்னதைவிட ஒரு சுற்றுப் பெரியவை. குழந்தை வளர்ந்திருக்கும் இல்லையா.

அரண்மனையில் எதைப் பார்த்தேன், என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

மார்ச் 19
பிச்சம்மாள் தினமும் திறந்து பார்ப்பாள், மகள் எடுத்திருக்கிறாளா என்று.

மார்ச் 25, சனி
போனேன். வளையல் அப்படியே இருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன்.