மாமி வீட்டுக் கேற்

ஜூலை 5, சனி

வாசல் கேற்றைத் தூணில் தாங்கும் மேல் பிணைச்சல் விட்டுப்போய்விட்டது. மாமி, வெல்டிங்கார அஸாமைக் கூப்பிடச் சொன்னார். நான் முந்திக்கொண்டு, என்னிடம் மெஷின் இருக்கிறது என்றேன். என் மனைவி றஸீனா என் காலை மிதித்தாள். மிதிக்கட்டும். கலியாணம் முடித்து, காத்தான்குடியில் பெண் வீட்டுக்கு வந்து பதினொரு மாதம். மாமிக்கு நான் இன்னும் விருந்தாளிதான். 'மருமகனுக்குத் தேத்தண்ணி குடுங்க' என்று மகளிடம்தான் சொல்வார், என்னோடு நேரே பேசமாட்டார். இந்தக் கேற்றைத் திருத்தி இந்த வீட்டு ஆளாகிக் காட்டவேண்டும்.

ஜூலை 6, ஞாயிறு

கேற் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். என் குட்டி மெஷினில் கிடப்பது சாதாரண இரும்பை ஒட்டுகிற கம்பி. ஸ்டெயின்லெஸுக்கு வேறு கம்பி வேண்டும் என்று கடைக்காரர் சொன்னார்தான். கேட்டேனா? ஒட்டினால் போதாதா?

முதல் பிடியிலேயே ஓட்டை. அதை அடைக்கப் போய்ப் பக்கத்தில் இன்னொன்று. சூட்டைக் குறைத்தேன் — பிடித்துக்கொண்டது! கிரைண்டர் போட்டு மினுக்கினேன். மாமி பார்த்து 'ம்' என்றார். அந்த 'ம்' எனக்குப் போதும்.

ஜூலை 9, புதன்

துரு! உப்பு வாவிக் காற்றுக்கு மூன்றே நாள். கேற் முழுக்கப் பளபள, என் வெல்டிங் மட்டும் செம்மஞ்சள். தேசிக்காய்ப் புளி தேய்த்தேன். பிறகு சில்வர் பெயின்ற் அடித்தேன். காயுமுன் மாமி கைவைத்துவிட்டார். வெள்ளிக் கையோடு சவர்க்காரம் தேடிப் போனார்.

ஜூலை 10, வியாழன்

கேற் தொய்கிறது. பின்னேரம் சூட்டைக் கூட்டி, பிணைச்சலைச் சுற்றிவர நல்லாப் போட்டுவிட்டேன். இனி யானை வந்தாலும் அசையாது.

ஜூலை 11, வெள்ளி

யானை எதற்கு, என்னாலேயே அசைக்க முடியவில்லை. பிணைச்சலின் ஊசியும் குழாயும் உருகி ஒன்றாகிவிட்டன. கேற் திறக்காது. ஜும்மாவுக்கு நேரம். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கேற்றின் மேல் ஏறினேன் — பள்ளிக்குப் போன அவ்வளவு பேரும் பார்த்தார்கள். ஒருவர் ஸலாம் வேறு சொன்னார், மேலே இருந்தே பதில் சொன்னேன். மாமி, பக்கத்து வளவிலுள்ள தன் தங்கச்சி வீட்டு வழியால் சுற்றிப் போனார். அல்லாஹ்வே, இனி என்ட முகத்த எங்க கொண்டு வைக்கிற?

ஜூலை 12, சனி

அஸாமுக்கு நானே போனில் கோல் எடுத்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

அஸாம் வெட்டித் திறந்து, முறையான கம்பி போட்டு ஒட்டினார். இடையில் என் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, யார் செய்தது, புறா எச்சம் போட்ட மாதிரி இருக்கிறதே என்று சிரித்தார். நான் மெல்ல நழுவப் பார்த்தேன்.

"எங்கட மருமகன்ட வேல," என்றார் மாமி. "அவர் பழகிக்கிட்டு இரிக்கார். நீங்க சிரிக்காமச் செய்ங்க."

அஸாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேலையில் குனிந்தார். நழுவப் போன நான் திரும்பி வந்து கேற்றைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் போனபின் மாமி நேரே என்னிடம் வந்தார்.

"கோழிக்கூட்டுக் கதவு இரும்புதானே மகன், அதச் செஞ்சி தாங்க. கோழி வெளிய வாறதுக்கு மட்டும் வழி வெச்சிருங்க."