மெதுவாக ஓட வெட்கப்பட்டவள்

என் ஆசை அக்காவுக்கு,

நீ போய் ஒரு மாரி கழிந்துவிட்டது. மொண்டெல்லோக் கடற்கரையில் மறுபடி குடைகள் விரித்துவிட்டார்கள். நாம் இருவரும் பெயர் கொடுத்த ட்ரையத்லன் இன்னும் சில கிழமைகளில் வரப்போகிறது. நீந்தி, சைக்கிள் ஓடி, கடைசியில் காலால் ஓடி முடிக்கவேண்டும் என்று நீ விளக்கியபோது, "மூண்டையும் ஒரே நாளிலையோ?" என்று நான் கேட்டது ஞாபகம் இருக்கிறதா? இப்போது நான் தனியாகப் போகவேண்டும். போவேனா என்பதே சந்தேகமாகிவிட்டது.

ஒரு கள்ளம் செய்தேன், அக்கா. அதுவும் உன் பெயரை வைத்து.

நமக்குப் பயிற்சி தரும் இத்தாலியப் பெண் சொன்னதை நீதான் சரியாகப் பிடித்துக்கொண்டாய். கிழமையில் முக்கால்வாசி நாள் கதைத்துக்கொண்டு ஓடக்கூடிய வேகம் போதும், ஒரு நாள் மட்டும் மூச்சு வாங்க ஏறவேண்டும், மெதுவாக ஓடும் நாட்களில்தான் கால் தேறும். நாமும் இத்தாலியர் வீடுகளில் வேலை முடித்து, ஃபவோரிட்டா பூங்கா வழியாக, அந்த வீட்டுச் சிஞோராக்களின் குறைகளைக் கதைத்துக்கொண்டே மெதுவாகச் சைக்கிள் ஓடினோம். நம் சனம் பஸ்ஸுக்கு நிற்கிற இடம் வந்தால், அந்த இறுக்கமான காற்சட்டையில் எனக்கு உடம்பு கூசும். நீயோ எல்லோருக்கும் கை காட்டிவிட்டுப் போவாய்.

நீ இல்லாமல் முதல் தடவை அந்த வழியால் போனபோது எல்லோரும் பார்த்தார்கள். நாற்பது தாண்டியவள், அக்கா செத்து அந்தியேட்டிச் சடங்கு முடிந்த கையோடு இந்தக் கோலத்தில் உலாத்துகிறாள் என்று நினைக்கமாட்டார்களா? அதற்குப் பிறகு சைக்கிளை மொன்டே பெல்லெக்ரினோவுக்குத் திருப்பிவிட்டேன். சாந்தா ரொசாலியா என்ற புனிதையிடம் நம் சைவச் சனமும் நேர்த்தி வைத்து நடந்து ஏறுகிற மலை அல்லவா? அங்கே வியர்வை ஒழுக ஏறுகிறவளின் உடுப்பை யாரும் பார்க்கவில்லை. "தமக்கைக்காக ஏறுறாள், பாவம்" என்று நேர்த்திக்கு நடந்து ஏறிய நம் ராணி மாமி பக்கத்தில் வந்தவருக்குச் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மறுத்தேனா? முகத்தை இன்னும் கொஞ்சம் சோகமாக வைத்துக்கொண்டேன்.

பிறகு எல்லா நாளும் மலைதான். கால் இரண்டும் கல்லாகிவிட்டன. "உனக்கு லேசான நாளே இல்லை. அதனால் கடுமையான நாளிலும் உன்னிடம் ஒன்றும் இல்லை. இப்படியே வந்தால் போட்டிக்கு விடமாட்டேன்" என்று பயிற்சி தருகிறவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள்.

போன ஞாயிறு பாதி மலையில் கால் மறுத்துவிட்டது. இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நடந்து ஏறி வந்த ராணி மாமி தண்ணீர்ப் போத்தலை நீட்டினார். அதை வாங்க என் கை கூசியது.

"மாமி, இது நேர்த்தி இல்லை. போட்டிக்குப் பழகிறன். கீழ வீதியில இந்த உடுப்போட மெதுவா ஓட வெக்கம், அதுதான் இஞ்சை வாறன்."

"ஓம், போகப்போகத் தெரிஞ்சுது. உந்தக் காற்சட்டையோட ஆர் நேர்த்தி வைக்கிறது, பிள்ளை? குடிச்சிட்டுப் போத்தலைத் தா."

குடித்தேன். மாமி போத்தலை மூடியபடி, "உன்ரை அக்கா எங்களைக் கண்டா ரெண்டு வார்த்தை கதைச்சிட்டுத்தான் போவாள். நீ ஏன் எங்களைக் கண்டு ஓடுறாய்?" என்று கேட்டார்.

மாமியிடம் சொல்லாததை உனக்குச் சொல்கிறேன். காற்சட்டை வெட்கம் பாதிதான். மெதுவாக ஓடினால் கதைக்க மூச்சு மிஞ்சுகிறது, பக்கத்தில் நீ இல்லை. மலையில் நெஞ்சு வெடிக்கும்போது உன் நினைவு வருவதில்லை. உன்னை நினைக்காமல் இருக்கத்தான் ஏறினேன் அக்கா. சனமோ உன்னை நினைத்து ஏறுகிறேன் என்று என்னைக் கும்பிட்டது. இதைவிடக் கேவலம் உண்டா?

நாளைக்கு லேசான நாள். பூங்கா வழியாகத்தான் போவேன். அழுகை வரும், தெரியும். வந்தால் அழுதுகொண்டே ஓடுவேன். வேகத்தை மட்டும் கூட்டமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப்பிறந்த,
சின்னவள்