வளர்ற புள்ளைக்கு ஒரு சைக்கிள்

செவ்வாய்க்கிழமை

கால் கட்டைவிரல் நுனி மட்டும்தான் தரையில் பட்டது. பதுளைக் கடையில் அந்தச் சைக்கிளின் இரண்டு பக்கமும் காலைப் போட்டு நின்றதும் முதலில் கவனித்தது அதைத்தான்.

நான் சேர்ந்திருப்பது நீந்தி, சைக்கிள் ஓட்டி, கடைசியில் ஓட வேண்டிய போட்டி. என்னைப் பழக்கும் மிஸ் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "ரெண்டு பக்கமும் காலப் போட்டு நின்னா பாதம் முழுசா தரையில படணும். இல்லாட்டி வாங்காத."

கடையில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சட்டையோ செருப்போ, அப்பா எதையும் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவார்.

"வளர்ற புள்ளைங்க. பெருசாவே குடுங்க."

"என்ன மகள், சரியா?" என்றார் கடைக்காரர். "சரியில்லாட்டி நாளைக்குக் கொண்டாங்க. அழுக்குப் படாம இருந்தா மாத்தித் தாறேன்."

சரியென்று தலையாட்டினேன். அப்பா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தியபோதும் இப்படித்தான் ஆட்டினேன். எனக்குப் பதினேழு வயது. இரண்டு வருடமாக ஒரு விரலளவுகூட வளரவில்லை.

ஸ்பிரிங்வெளி தோட்டத்துக்கு, வீட்டுக்கு வந்ததும் அப்பா ஹேண்டிலில் சந்தனம் பூசினார். எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி ஓட்டுவது நாளைக் காலையிலாம். பக்கத்து வீட்டு அக்கா எட்டிப் பார்த்தாள்.

"ஏன்டி, ஏறுறதுக்கு ஏணி வாங்கலியா?"

அப்பா சிரித்தார். நானும் சிரித்தேன்.

எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு இறங்கும் வளைவில் காலை ஊன்ற முடியாமல் விழுந்துவிடுவேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? இன்னும் தெரியவில்லை. அவர் குளிக்கப் போனதும் துணியை நனைத்து, ஹேண்டிலில் இருந்த சந்தனத்தைச் சுவடு தெரியாமல் துடைத்தேன்.