தொட்டில் சத்தம்

ஆவணி, வியாழக்கிழமை

எங்கள் கம்பெனியின் பில்லிங் மென்பொருளை வாங்கிய சீர்காழி விதைக்கடைக்காரர் இன்று போன் செய்தார். அதிராம்பட்டினத்தில் வீட்டிலிருந்தே அவருக்கு உதவுகிற நஸ்ரின் பேசும்போது தொட்டில் சத்தமும் சேர்ந்து கேட்கும். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன்.

"அது பாட்டுக்கு ஆடட்டுங்க. அந்தப் பொண்ணு பிரசவத்துக்குப் போனப்ப மெட்ராஸ்காரர் ஒருத்தரை விட்டீங்களே, அவரு பொன்னிங்கிற நெல் ரகத்தை கஸ்டமர் பேருன்னு ஏத்திட்டாரு. பொன்னியம்மா போன் நம்பர் என்னன்னு என்னையே கேட்டாரு. இந்தப் பொண்ணை மட்டும் மாத்திடாதீங்க" என்றார்.

அந்தச் சத்தத்துக்காகவே, திங்கள் முதல் தஞ்சாவூர் ஆபீசுக்கு வர வேண்டும் என்று நஸ்ரினுக்கு எழுதி வைத்திருந்தேன். நல்ல வேளை, அனுப்பவில்லை. கைக்குழந்தையோடு அவள் வேலையையே விட்டிருப்பாள். இப்போதுதான் அழித்தேன். வீட்டிலிருந்து வேலை பார்க்கச் சொன்னது நான் அவளுக்குச் செய்த உதவி என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.