ஓர் ஆள் சமையல்

மார்ச் 4

என் வாயாடிக்கு,

ஏதோ இருக்கிறேன். அங்கே உன் அக்கா, அத்தான் சௌக்கியமா? நீ கோபித்துக்கொண்டு போனதிலிருந்து மூன்று வேளையும் கடைச் சாப்பாடுதான். சம்பளமும் அதிலேயே கரைகிறது, வயிறும் கெட்டுவிட்டது. டாக்டர், "எண்ணெய்ச் சாப்பாட்டை விடுங்க, வீட்ல பருப்பு, கீரைன்னு செஞ்சு சாப்பிடுங்க" என்கிறார். எனக்கு அடுப்பு பற்றவைக்கத்தான் தெரியும். பருப்பை எப்படி வேகவைப்பது?

உன் மெக்கானிக்

மார்ச் 11

உங்களுக்கு,

கடிதம் வந்தது. கோபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

பருப்பைக் கழுவி ஊறவையுங்கள். மஞ்சளும் பூண்டும் போட்டு மூடி வேகவிடுங்கள். குழைந்த பிறகுதான் உப்பு. கீரையை மண் போக அலசுங்கள், வேக அந்த ஈரமே போதும். ஒரு கைப் பருப்பு ஓர் ஆளுக்குத் தாராளம்.

"தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போவாரே, அதே பருப்புதானே? இப்ப எதுக்குடி சொல்லித் தர்ற?" என்று அக்கா கேட்டாள்.

இப்படிக்கு,
நான்

மார்ச் 20

என் வாயாடிக்கு,

முதல் நாள் அடிப்பிடித்துவிட்டது. வண்டிக்குப் போடும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன், பாத்திரத்தின் மானம் போய்விட்டது. இப்போது பரவாயில்லை. கேரட், பூசணி என்று கைக்கு வந்ததைப் பருப்போடு போடுகிறேன். வயிறு தேறிவிட்டது.

டிப்போவில் என் சாப்பாட்டைப் பார்த்து, "அண்ணி வந்துட்டாங்களா?" என்கிறார்கள். வந்துடுவாங்க என்று சொல்லிவைத்தேன். தட்டைத் தள்ளியதையெல்லாம் இன்னுமா மனசில் வைத்திருக்கிறாய்? நீ வரும் அன்று நானே சமைக்கிறேன். கால் மேல் கால் போட்டு உட்கார். எப்போது வருகிறாய்?

உன் மெக்கானிக்

ஏப்ரல் 2

உங்களுக்கு,

வயிறு தேறியது நிம்மதி. கீரைத் தண்டைத் தூக்கிப் போடாதீர்கள், பொடியாக நறுக்கினால் வெந்துவிடும்.

எனக்குத் தையல் கடையில் வேலை கிடைத்திருக்கிறது. காலர் மட்டும் தைக்கிறேன். மதியத்துக்கு எனக்கு மட்டும் கட்டிக்கொண்டு போகிறேன்.

வீட்டை விட்டு வந்த நாளிலிருந்து, இந்த மனுஷன் சாப்பாட்டுக்கு என்ன செய்வார் என்பது ஒன்றுதான் உறுத்திக்கொண்டிருந்தது. அது தீரட்டும் என்றுதான் சொல்லிக்கொடுத்தேன். நீங்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டீர்கள். தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள்.

இப்போது அந்தக் கவலை போய்விட்டது. அது போன பிறகு, திரும்பி வருவதற்கு வேறு என்ன இருக்கிறது என்று நிதானமாகத் தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

நான் வரவில்லை.