எலுமிச்சம்பழத்தின் மேல் ஹெலிகாப்டர்

கடலூர், 1966. ஆயுத பூஜை இரவு.

தூக்கம் வரவில்லை. பத்திரிகைப் படத்தில் இருந்தபடியே செய்த என் குட்டி ஹெலிகாப்டர் நாசமாகிவிட்டது. சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பியில் அதற்குக் கால்கள் செய்து, சக்கரம் மாட்டி, ஈயம் பற்றவைத்திருந்தேன். எக்ஸ்ரே பிலிமைக் கழுவிக் கண்ணாடி போட்டிருந்தேன். உடம்புக்கு வைத்த பவுடர் டப்பாத் தகட்டில் ஆணித்தலை போன்ற புள்ளிகளை ஒவ்வொன்றாக ஊசியால் குத்தி எழுப்பியிருந்தேன்.

பூஜைக்குச் சிதம்பரத்திலிருந்து வந்த மனைவியின் தம்பி, நான் குளித்துவிட்டு வருவதற்குள் கண்ணாடியில் சந்தனத்தை அப்பிவிட்டான். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஒரே அழுத்து. இரண்டு கால்களும் பிய்ந்துவிட்டன.

"வண்டின்னா பழம் நசுக்கணும் இல்ல மாமா?" என்று இளிக்கிறான்.

கால்களைச் சரிசெய்யக் குறடு எடுக்கப் போனால், "பூஜையில வெச்ச குறட்ட நாளைக்கி வரைக்கும் தொடக்கூடாதுங்க" என்கிறாள் மனைவி.

கூடத்தில் அவன் குறட்டை விடுகிறான். சுத்தியலும் பூஜையில்தான் இருக்கிறது. பயல் பிழைத்தான்.